தாவலும் உள்தள்ளலும்: ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தின் வரலாற்றைக் கூறப்புகுவோர் எழுதப்பட்டவற்றையே பெரிதும் ஆராய்கின்றனர். எழுதாது விடப்பட்ட வெற்றிடத்துக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை நினைப்பவர் சிலரே. நம் முன்னோர் எழுதிய ஓலைச்சுவடிகளிற் சொல்லுக்குஞ் சொல்லுக்கும் இடையே வெளி விடுதலில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதலும் இல்லை. படிப்பவன் தன் புலமையினாலேயே சொற்களைப் பிரித்துப் பொருள் கொண்டான். அச்சு வந்த பின்னரே சொல்லிடை வெளியும், பந்தியின் முதல் வரியைச் சிறிது உள்ளே தள்ளித் தொடங்கும் வழக்கமும் நம்மிடையே நிலைபெற்றன. நிறுத்தக்குறிகளை இட்டுத் தமிழ் உரைநடை நூல்களைப் பதிப்பித்த முன்னோடிகளுள் நல்லூர் ஆறுமுக நாவலர் ஒருவர் என்பதை நாம் அறிவோம். இவையனைத்தும் படிப்பவனின் கண்ணுக்கு எழுதுபவன் செய்யும் உதவிகளேயாம்.

அத்தகைய உதவியொன்று கணினி நிரல் எழுதுந் துறையில் எவ்வாறு தோன்றி வழக்கமாயிற்று என்பதையும், அவ்வழக்கம் ஈற்றில் எவ்வாறு சட்டமாயிற்று என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிரலாளர் தம் நிரலை எழுதுதற்குப் பயன்படுத்துங் கருவி, எடிற்றர் என வழங்கும் உரைத்திருத்தி. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் கட்டளைகளை, அடக்கத்தின் ஆழத்திற்கேற்ப வலப்புறமாக நகர்த்தி எழுதுதல் உள்தள்ளல் எனப்படும். அதனைச் செய்தற்குரிய விசை தாவல் விசை. இவை அற்பமான பொருள்களெனத் தோன்றலாம். ஆயின் கண் காண்பது ஒன்றும் பொறி கொள்வது வேறொன்றும் ஆகுமிடத்து விளையுங் கேடு அற்பமானதன்று என்பதை மேல்வரும் வரலாறு காட்டும்.

தாவலின் பிறப்பிடம் கணினியன்று, தட்டச்சுப்பொறியே. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டுக் கந்தோர்களிலே தட்டச்சுப்பொறி பரவியபோது, கடிதங்களோடு கணக்குகளையும் விலைப்பட்டியல்களையும் அதிலேயே அடிக்கவேண்டியதாயிற்று. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேரே நிற்கவேண்டுமாயின், இலிகிதர் வரிதோறும் இடைவெளிக் கட்டையைப் பன்முறை தட்டுதலோடு, தட்டியவற்றை எண்ணிக்கொண்டும் இருத்தல் வேண்டும். இத்தொல்லையை நீக்குதற்குப் பொறியிலே ஒரு சட்டமும், அதில் வேண்டிய இடங்களிற் பொருத்தத்தக்க சிறு தடைகளும் அமைக்கப்பட்டன. ஒரு விசையை அழுத்தியதும் தாள்தாங்கி கட்டவிழ்ந்து விரைந்தோடி அடுத்த தடையில் முட்டி நிற்கும். அட்டவணை அமைத்தற்கு உதவியமையால், இலத்தீனிற் பலகையைக் குறிக்கும் ‘தபுலா’ என்னுஞ் சொல்லடியாகப் பிறந்த ‘ரபுலேற்றர்’ என்ற பெயர் அதற்கு வாய்த்தது. அதன் சுருக்கமே இன்று விசைப்பலகையின் இடப்பக்கத்தே காணப்படும் ‘ராப்’ என்பது. தாவிச் சென்று நிற்றலாகிய தொழில் நோக்கித் தமிழில் அதனைத் தாவல் என்கிறோம்.

ஈண்டு ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். தாவல் என்பது ஓர் எழுத்தன்று. இத்தனை இடைவெளி என்னும் அளவுமன்று. அடுத்த தடை எங்குளதோ அங்குச் செல்க என்னும் ஏவலே அது. பின்னாளில் எழுந்த பிணக்குகளுக்கெல்லாம் வித்து இவ்வியல்பிலேயே உள்ளது.

கணினி தோன்றிய காலத்தில் நிரல்கள் பெரும்பாலும் துளை அட்டைகளில் எழுதப்பட்டன. ஐ.பி.எம். நிறுவனம் 1928 இல் வகுத்த அட்டையில் 80 கட்டங்கள் இருந்தன. ஓர் அட்டைக்கு ஒரு வரி. 1957 இல் ஜோன் பாக்கஸ் தலைமையில் உருவாகி வெளிவந்த போர்ட்ரான் மொழி இக்கட்டங்களைக் காணி பிரிப்பதுபோலப் பங்கிட்டது. முதல் 5 கட்டங்கள் கூற்றின் இலக்கத்துக்கு உரியன. 6 ஆம் கட்டம் முந்திய வரி தொடர்கின்றது எனக் காட்டுதற்கு. 7 முதல் 72 வரை கூற்றுக்கு. எஞ்சிய 8 கட்டங்களை மொழிமாற்றி நோக்குவதில்லை; அட்டைகள் கலைந்துபோயின் மீள அடுக்குதற்கான தொடரிலக்கம் அங்கே இடப்படும். 1949 இல் வந்த 026 என்னுந் துளையிடும் பொறியில் ஓர் உருளையும், அதன்மேற் சுற்றத்தக்க வழிகாட்டி அட்டையும் இருந்தன. அவ்வட்டையிலே முன்னர்க் குறித்துவைத்த கட்டங்களுக்குப் பொறி தானே தாவிச் செல்லும். தானியங்கு உள்தள்ளலின் முன்னோடி என இதனைக் கூறுதல் பொருந்தும்.

வியப்பு யாதெனில், இடத்துக்கு இத்துணைக் கடுமையான சட்டம் வகுத்த போர்ட்ரான், கூற்றின் அகத்தேயுள்ள வெற்றிடத்துக்கு எப்பொருளுங் கொடுக்கவில்லை என்பதே. சொற்களைச் சேர்த்தெழுதினும் பிரித்தெழுதினும் அதற்கு ஒன்றே. உள்தள்ளலின்றி அட்டைக்கு ஒரு வரியாக எழுதப்பட்ட அக்கால நிரல்கள், நம் ஓலைச்சுவடிகளைப் போலவே, முன்னறிவு உடையவனுக்கே எளிதிற் பொருள் தந்தன.

இந்நிலையை மாற்றியது 1960 இல் அறிக்கையாக வெளிவந்த அல்கோல் 60. ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர் கூடி வகுத்த இம்மொழி கட்டங்களின் ஆட்சியைக் கைவிட்டது. தொடக்கம், முடிவு எனப் பொருள்படும் இரு சொற்களுக்கிடையே கூற்றுக்களைத் தொகுதியாக அடக்கியது. ஒரு தொகுதியினுள் மற்றொன்று, அதனுள் வேறொன்று எனப் பெட்டிக்குட் பெட்டியாக நிரல்கள் அமையலாயின. அவ்வமைப்பைக் கண்ணுக்குக் காட்டுதற்கு உள்ளடங்கிய தொகுதியை வலப்புறமாகத் தள்ளி எழுதுதல் இயல்பான வழியாயிற்று. 1968 இல் ஒல்லாந்து அறிஞர் எட்சகர் டைக்ஸ்திரா, நிரலின் போக்கை நினைத்த இடத்துக்கெல்லாம் பாயச் செய்யும் கட்டளையைக் கண்டித்து எழுதிய கடிதம் பெரும் விவாதத்தை எழுப்பிற்று. ஒழுங்கமைந்த நிரலாக்கம் என்னுங் கொள்கை வலுப்பெற்றபோது, நிரலின் உருவம் அதன் கருத்தோட்டத்தைக் காட்டவேண்டும் என்பது பொதுக்கருத்தாயிற்று. உள்தள்ளல் அழகுக்காகச் செய்யும் அலங்காரம் என்னும் நிலை நீங்கி, பொருளை உணர்த்தும் கருவியாயிற்று.

இதற்கிடையே தாவல் தட்டச்சுப்பொறியிலிருந்து கணினிக்குக் குடிபெயர்ந்தது. 1963 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அஸ்கி குறிமுறையில் அதற்கு 9 என்னும் இலக்கம் வழங்கப்பட்டது. ஆயின் அக்காலத்திற் பெருவழக்காயிருந்த ரெலிரைப் 33 என்னுந் தொலைத்தட்டச்சுப் பொறியிலே தாவுதற்குரிய பொறியமைப்பு இல்லை. ஆதலின், கோப்பிலே தாவற்குறியாக உள்ளதை இடைவெளிகளாக விரித்து அனுப்பும் பணியை யூனிக்ஸ் இயங்குதளம் தானே ஏற்றது. விரித்தற்கு ஓர் அளவு வேண்டுமன்றோ? 8 கட்டங்களுக்கு ஒரு தடை என்பது வழக்காயிற்று. கோப்பில் ஒரு தாவற்குறி ஓரெழுத்தின் இடத்தையே கொள்ளும். அதற்கீடான இடைவெளிகளோ 8 எழுத்துக்களின் இடத்தைக் கொள்ளும். நினைவகம் சுருங்கியிருந்த அந்நாளில் இச்சிக்கனம் பெரிதாகவே மதிக்கப்பட்டது.

ஆயின் இக்குடிபெயர்ச்சியில் ஒரு பெரிய மாற்றம் எவரும் அறியாமலே நிகழ்ந்துவிட்டது. தட்டச்சுப்பொறியில் எழுதுபவரே தடையையும் வைத்தார். தாளில் விழுந்த உருவம் பின்னர் மாறுவதில்லை. கணினியிலோ எழுதுபவர் ஒருவர். தடையின் இடத்தை வகுப்பவர் படிப்பவராகிய வேறொருவர். தாவலை 4 கட்டம் எனக் கொண்ட திருத்தியில் எழுதிய நிரல், 8 எனக் கொண்ட திருத்தியிலே வேறோர் உருவங் காட்டும். தாவலும் இடைவெளியும் கலந்த கோப்பாயின் வரிகள் நிரை குலைந்து நிற்கும். இரண்டும் கண்ணுக்கு வெறுமையாகவே தோன்றுதலின் குற்றம் எங்குளதெனக் காண்டலும் அரிது.

இவ்வாறு கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு சட்டமாகிவிட்ட கதைக்கு மேக் என்னும் யூனிக்ஸ் கருவி தக்க சான்றாகும். 1976 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ருவட் பெல்ட்மன் இதனை ஆக்கினார். பல கோப்புக்களாலான நிரலில் ஒரு கோப்பு மாறியவிடத்து, மீள ஆக்கவேண்டியவற்றை மட்டும் அறிந்து ஆக்குவது இதன் தொழில். இதற்குரிய விதிக்கோப்பிற் கட்டளை வரி ஒவ்வொன்றும் தாவற்குறியோடு தொடங்கல் வேண்டும். அதனிடத்தில் இடைவெளிகள் இருப்பின், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே காணப்படினும், கருவி பிழையென மறுக்கும். இவ்விதி ஆழ்ந்த ஆராய்ச்சியின் விளைவன்று. வரியின் தொடக்கத்தே தாவல் எனக் கொள்ளல் இலகுவாயிருந்தமையால் அவ்வாறு செய்ததாகவும், சில வாரங்களில் ஏறத்தாழ ஒரு டசின் பேர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டமையால் அவர்களுக்கு இடையூறு செய்ய விரும்பாது மாற்றாமல் விட்டதாகவும் பெல்ட்மனே பின்னர்க் கூறியுள்ளார். அந்தச் சிலரின் வசதிக்காக விடப்பட்ட குறை, அதன்பின் வந்த எண்ணிறந்த நிரலாளரைத் தொல்லைப்படுத்தியது. அதே கருவிக்காக அவர் 2003 இல் உயர்ந்த விருதொன்றைப் பெற்றார் என்பதையும் சேர்த்தே கூறல் வேண்டும். நல்ல கருவியாயிருந்தமையினாலேயே அதன் குறையும் நிலைத்தது. 2010 இல் குனூ மேக் என்னும் பிற்கால வடிவம், தாவலுக்குப் பதிலாக வேறு குறியைத் தெரிந்துகொள்ள இடமளித்தது. எனினும் வழக்கு மாறவில்லை.

இனி, உள்தள்ளலைத் திருத்தியே தானாகச் செய்யும் முறைகளை நோக்குவாம். 1976 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருவகை முறைகள் தோன்றின. மேற்குக் கரையில், பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே மாணவராயிருந்த பில் ஜோய் எழுதிய வீ-ஐ என்னுந் திருத்தியின் முறை எளியது. புதிய வரி தொடங்கும்போது முந்திய வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருந்ததோ அவ்வளவையே அது தானும் இடும். நிரலின் பொருளை அது அறியாது; முன்னவரைப் பின்பற்றும் மாணவனைப்போல முந்திய வரியைப் படியெடுக்கும். வெளியே வரவேண்டுமாயின் நிரலாளர் ஒரு விசையால் உணர்த்தல் வேண்டும்.

கிழக்குக் கரையில், மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திலே றிச்சட் ஸ்ரோல்மன், கை ஸ்ரீல் முதலியோர் ஆக்கிய ஈமாக்ஸ் திருத்தியிலே நிரல்மொழியின் இலக்கணத்தை நோக்கி உள்தள்ளும் முறை வளர்ந்தது. அக்கழகத்திற் பெருவழக்காயிருந்த லிஸ்ப் மொழி, 1958 இல் ஜோன் மக்கார்த்தி வகுக்கத் தொடங்கியது. அடைப்புக்குறிகளே அதன் உடம்பு. ஒரு கூற்றின் இறுதியில் ஏழெட்டு அடைப்புக்குறிகள் ஒருங்கே மூடுதலும் உண்டு. அவற்றைக் கண்ணால் எண்ணுதல் இயலாது. ஆதலின் எந்த அடைப்பினுள் வரி நிற்கின்றதென ஆராய்ந்து, அதற்குரிய இடத்தில் வரியைக் கொண்டு நிறுத்தும் வேலையைத் திருத்தி ஏற்றது. இத்தகைய திருத்தியிலே தாவல் விசையை அழுத்தினால் தாவற்குறி எழுதப்படுவதில்லை. வரி தனக்குரிய இடத்துக்குச் சென்று சேரும். அவ்விடம் எதிர்பாராததாயின் அடைப்பொன்று விடுபட்டதென நிரலாளர் உடனே அறிவர். கடிதம் அடித்த இலிகிதரின் விசை, இவ்வாறு பிழையை உணர்த்தும் ஆசிரியனாயிற்று.

இம்முறைகளிலும் இடர்கள் இல்லாமலில்லை. படியெடுக்கும் முறையைக் கைக்கொண்ட திருத்தியொன்றினுள், முன்னரே உள்தள்ளிய நிரலைப் பிறிதோரிடத்திலிருந்து கொணர்ந்து ஒட்டினால், திருத்தி அதனைக் கையால் தட்டியதென எண்ணி, உள்ள தள்ளலோடு தன் தள்ளலையுஞ் சேர்க்கும். வரிகள் படிக்கட்டுப்போல வலப்புறம் இறங்கிச் செல்லும். உதவுவோர் எழுதுபவரின் கருத்தறியாது உதவினால் விளைவது இதுவே.

உள்தள்ளலின் பயனை அளந்தறியும் முயற்சியும் நடைபெற்றது. 1983 இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர், ஒரே நிரலை உள்தள்ளலின்றியும், 2, 4, 6 இடைவெளிகள் தள்ளியும் எழுதிப் புதியோரிடமும் தேர்ந்தோரிடமும் கொடுத்து, அவர்கள் விளங்கிக்கொண்டதைச் சோதித்தனர். 2 முதல் 4 வரையான அளவே நன்மை பயப்பதெனக் கண்டனர். அளவு மிகின் வரிகள் வலவோரத்தை நெருங்கிக் கண்ணை அலைக்கும். குறையின் அமைப்புப் புலப்படாது. 8 என்னும் பழைய அளவு இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது என்பது கருதத்தக்கது. எனினும் லினக்ஸ் இயங்குதளத்தின் எழுத்துநடை விதிகள் 8 கட்டத் தாவலையே விதிக்கின்றன. மூன்று நிலைகளுக்கு மேல் உள்ளே தள்ளவேண்டிவரின் அளவைக் குறைக்காது நிரலையே திருத்துக என்பது அதனை வகுத்த லினஸ் ரோவால்ட்சின் வாதம்.

இவ்வளவுங் கூறியவற்றில் உள்தள்ளல் மனிதக் கண்ணுக்கு மட்டுமே உரியது; மொழிமாற்றி அடைப்புக்குறியையே நோக்கும். கண் ஒன்றையும் பொறி மற்றொன்றையும் நம்புதல் எதற்கு, இரண்டும் ஒன்றையே நோக்கினாலென்ன என்னும் வினாவை எழுப்பியோரும் உளர். 1966 இல் ஆங்கில அறிஞர் பீற்றர் லாண்டின் ஒரு கொள்கையை வெளியிட்டார். ஒரு தொடரின் முதற்சொல் நிற்கும் இடத்துக்கு இடப்புறமாக எச்சொல்லேனும் வரின், அத்தொடர் அவ்விடத்தே முடிந்ததெனக் கொள்க என்பது அது. காற்பந்தாட்டத்திலுள்ள விதியொன்றின் பெயராலே அதனை ஓவ்சைட் விதி என்றார். 1974 இல் டொனால்ட் குனூத், நிரல்கள் சிறு கூறுகளாக அமையுமாயின் அடைப்புச் சொற்களின் இடத்தை உள்தள்ளலே கொள்ளலாகும் என எதிர்நோக்கினார்.

அவ்வெதிர்பார்ப்பைப் பெருவழக்காக்கியது பைதன் மொழி. அம்ஸ்ரர்டாம் நகரின் கணித, கணினி ஆய்வுநிலையத்திலே ஏ.பி.சி. என்னும் கற்பித்தல் மொழியின் ஆக்கத்திற் பணிபுரிந்த கீடோ வான் றொசம், அம்மொழியின் உள்தள்ளல் விதியை ஏற்று, 1989 இன் இறுதியிற் பைதனை எழுதத் தொடங்கி 1991 இல் வெளியிட்டார். அதிலே தொகுதியைக் காட்ட அடைப்புக்குறி இல்லை. உள்ளே தள்ளிய வரிகளே தொகுதி. முன்பு மரியாதையாக இருந்தது இங்கே இலக்கணமாயிற்று. ஆயின் தாவலின் பழைய வினை இங்கும் தொடர்ந்தது. பைதனின் முந்திய வடிவங்கள் தாவலை 8 கட்டங்களாகக் கொண்டு கணித்தன. 4 கட்டமெனக் காட்டும் திருத்தியில் இரண்டையுங் கலந்தெழுதியவரின் கண்ணுக்கு ஒரு பொருளும் பொறிக்கு வேறு பொருளும் தோன்றலாயின. 2001 இல் வகுக்கப்பட்ட பைதன் எழுத்துநடை விதிகள் 4 இடைவெளிகளை விதந்துரைத்தன. 2008 இல் வந்த மூன்றாம் வடிவம், பொருள் மயங்கும்படி கலந்தெழுதுதலைப் பிழையென்றே விலக்கியது.

அடைப்புக்குறியை நம்பும் மொழிகளில் அம்மயக்கம் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை 2014 ஆம் ஆண்டு உலகம் கண்டது. அப்பிள் நிறுவனத்தின் கைத்தொலைபேசிகளிலும் கணினிகளிலும், இணையத் தொடர்பு நம்பத்தக்கதோ எனச் சோதிக்கும் நிரற்பகுதி சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. அம்மொழியிலே நிபந்தனைக்குப்பின் அடைப்புக்குறி இல்லையாயின், அடுத்துவரும் ஒரு கூற்றே அந்நிபந்தனைக்கு அடங்கும். அந்நிரலில், சோதனையிற் குற்றங்கண்டால் வெளியேறுக என்னுங் கூற்று, தவறுதலாக இருமுறை, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்கு அடங்கியனவாகவே தோன்றின. பொறிக்கோ இரண்டாவது கூற்று நிபந்தனையற்றது. ஆகவே குற்றம் இல்லாதபோதும் நிரல் அவ்விடத்தே வெளியேறி, கையொப்பத்தைச் சரிபார்க்கும் இறுதிச் சோதனையைச் செய்யாமலே எல்லாம் நன்றென அறிவித்தது. அந்தரங்கத் தொடர்பை இடைமறித்துப் படிக்க அது வழிதிறந்தது. அவ்வாண்டு பெப்ரவரியிற் பிழை திருத்தப்பட்டது. 2016 இல் ஜி.சி.சி. மொழிமாற்றியின் ஆறாம் வடிவம், உள்தள்ளலுக்கும் பொருளுக்கும் முரண்பாடு காணுமிடத்து எச்சரிக்கும் ஆற்றலைப் பெற்றது. கண்ணின் சாட்சியத்தையும் பொறி கேட்டறிய வேண்டும் என்பது இவ்வாறு உணரப்பட்டது.

தாவல் நன்றோ இடைவெளி நன்றோ என்னும் வாதம் நிரலாளரிடையே இன்றும் ஓயவில்லை. இடைவெளியை விரும்புவோர், எழுதியவாறே எவ்விடத்துந் தோன்றும் என்பர். தாவலை விரும்புவோர், படிப்பவர் தம் கண்ணுக்கேற்ற அளவை வகுத்துக்கொள்ளலாம் என்பர். பார்வை குன்றிப் பெரிய எழுத்தில் வாசிப்போருக்கு இவ்வுரிமை பயன்படுவதென்பது மறுக்கத்தக்கதன்று. 2009 இல் வெளிவந்த கோ மொழி இவ்வழக்குக்கு வேறொரு தீர்வு கண்டது. அம்மொழியோடு வரும் ஒழுங்குபடுத்தும் கருவி, யார் எவ்வாறு எழுதினும் நிரல் முழுவதையும் ஒரே உருவத்துக்குக் கொணர்ந்து, தாவலாலே உள்தள்ளித் தரும். 1976 இலேயே இலினோய் பல்கலைக்கழகத்தில் இத்தகைய கருவியொன்று சி மொழிக்கு ஆக்கப்பட்டதாயினும், மொழியை வகுத்தோரே ஒரு நடையை வகுத்துக் கொடுத்தமை கோவின் தனிச்சிறப்பு. அங்கே ஒவ்வொருவர் விருப்பும் சிறிது குறைவுற்றது. பிறர் எழுதியதைப் படிக்கும் வசதி பெரிதும் மிகுந்தது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. தாவலையோ இடைவெளியையோ தெரிதல் அத்துணை முதன்மையானதன்று. எழுதியதன் தோற்றமும் அதன் பொருளும் ஒன்றாயிருத்தலே முதன்மையானது. மேக் கருவியில் ஒரே தோற்றத்துக்கு இருவேறு பொருள் நேர்ந்தது. பழைய பைதனில் ஒரே கோப்புக்கு இருவேறு தோற்றம் நேர்ந்தது. அப்பிளின் நிரலிலே தோற்றம் பொருளுக்கு மாறாகச் சாட்சி கூறிற்று. தானியங்கு உள்தள்ளல், ஒழுங்குபடுத்துங் கருவி, மொழிமாற்றியின் எச்சரிக்கை ஆகிய யாவும் இம்முரணை ஒழித்தற்கு எழுந்த முயற்சிகளே.

நிரல் பொறிக்காக எழுதப்படுவது என்பர். அது பாதி உண்மையே. எழுதியவர் நீங்கிய பின்னர் அதனைப் படித்துத் திருத்திக் காப்பவர் மனிதரே. கணினித்துறையிற் புகும் மாணவர் தம் முதல் நிரலை எழுதுந்தோறும், தமக்குப்பின் அதனைப் படிக்கவிருக்கும் ஒருவரை மனத்திற் கொள்வாராக. வெற்றிடம் பேசாது, ஆயினும் அது பொய் கூறாதிருக்கச் செய்தல் எழுதுபவரின் கடனாகும்.